மரச்செக்கு எண்ணெயும் எலுமிச்சையும்: வீட்டுச் சாலட் டிரெஸ்ஸிங் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"சோற்றைக் குறையுங்கள், அதற்கு முன் ஒரு தட்டு பச்சைக் காய்கறி சாப்பிடுங்கள்" என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்கள் பக்கத்து வீடுகள் பலவற்றில் சாலட் நுழைந்தது. வெள்ளரிக்காயையும் கேரட்டையும் வெறுமனே நறுக்கி வைத்தால் இரண்டு நாள் பொறுத்துக்கொண்டு சாப்பிடுவார்கள்; மூன்றாம் நாள் தட்டு அப்படியே அடுக்களைக்குத் திரும்பிவிடும். மேலே ஊற்றிப் பிசறுவதற்குப் புளிப்பும் உப்பும் எண்ணெயும் சேர்ந்த ஒரு சாறு, அதாவது டிரெஸ்ஸிங், இருந்தால் தட்டு காலியாகும். அதை சூப்பர் மார்க்கெட்டில் பாட்டிலாக வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கம் எண்ணெய் ஆலைகள், ஊருக்கு ஊர் மரச்செக்கு, பொள்ளாச்சியில் தென்னை என்று எண்ணெய்க்குக் குறைவில்லாத கொங்குச் சீமை இது. உறவுக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அடிப்படை அளவு என்ன?

நான்கு பேருக்கான சாலடுக்கு, அதாவது சுமார் அரைக் கிலோ காய்கறிக்கு: எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி, எண்ணெய் 4 மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, நாட்டுச்சர்க்கரை அரைத் தேக்கரண்டி, அப்போது இடித்த மிளகு ஒரு சிட்டிகை. கவுந்தப்பாடிச் சர்க்கரை வீட்டில் இருந்தால் அதுவே போதும், தேன் கட்டாயமில்லை.

வெளிநாட்டுச் சமையல் குறிப்புகளில் ஒரு பங்கு புளிப்புக்கு மூன்று பங்கு எண்ணெய் என்று இருக்கும். லெட்யூஸ் போன்ற மெல்லிய இலைகளுக்கு அந்தக் கணக்கு சரி. நாம் போடுவது வெள்ளரி, தக்காளி, வெங்காயம், முளைகட்டிய பயறு. இவை தண்ணீர் விட்டுச் சாற்றை நீர்க்கச் செய்யும். நம் நாக்கும் புளிப்புக்குப் பழகியது. ஆகவே ஒன்றுக்கு இரண்டு என்று தொடங்குங்கள். கரண்டியில் எடுத்து நக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தனியாகச் சுவைத்தால் எந்த டிரெஸ்ஸிங்கும் உப்பும் புளிப்பும் தூக்கலாகத்தான் தெரியும். ஒரு வெள்ளரித் துண்டைத் தோய்த்து வாயில் போட்டுப் பார்த்துத் திருத்துங்கள்.

உப்பை எப்போது சேர்ப்பது?

முதலில், எலுமிச்சைச் சாற்றில். உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய் ஊற்றிய பிறகு உப்பைப் போட்டால் அது அடியில் தங்கிவிடும். முதல் வாய் சப்பென்றும் கடைசி வாய் உப்புக் கரிக்கவும் செய்யும். சர்க்கரைக்கும் இதே விதிதான்.

எந்த எண்ணெய் நல்லது? ஆலிவ் எண்ணெய்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. ஆலிவ் நல்ல எண்ணெய்தான், குறை சொல்லவில்லை. ஆனால் சாலட் என்றதுமே ஆலிவ் என்பது பழக்கதோஷம். டிரெஸ்ஸிங்கில் எண்ணெய் அடுப்பைப் பார்ப்பதே இல்லை, அதனால் அதன் வாசனை முழுவதும் தட்டுக்கு வந்துவிடுகிறது. நல்ல எண்ணெய்க்குச் செலவு செய்ய வேண்டிய இடமும் இதுதான். வறுக்கப் பொரிக்க எதை வைத்திருந்தாலும் சரி, சாலடுக்குச் செக்கில் ஆட்டியதை எடுங்கள்.

என் முதல் தேர்வு கடலெண்ணெய், அதாவது நிலக்கடலை எண்ணெய். செக்கில் ஆட்டிய கடலெண்ணெயில் பச்சைக் கடலைக்காயின் வாசம் இருக்கும். முட்டைக்கோஸ், கேரட், முளைப்பயறு மூன்றுக்கும் அது பொருந்தும். ஆட்டிய அன்றே வாங்கி வந்தால் கலங்கலாக இருக்கும். இரண்டு மூன்று நாள் அசையாமல் வைத்து, கசடு அடியில் தங்கிய பிறகு மேலாகத் தெளிவை இறுத்துக்கொள்ளுங்கள். கசடோடு ஊற்றினால் டிரெஸ்ஸிங்கில் மாவு வாடை தட்டும்.

நல்லெண்ணெய் குணமே வேறு. செக்கில் எள் ஆட்டும்போது கருப்பட்டியோ வெல்லமோ சேர்ப்பார்கள். அந்த எண்ணெய்க்குத் தனி வாசமும் லேசான கசப்பும் உண்டு. வெள்ளரிக்காய், பீட்ரூட், சின்ன வெங்காயம் போன்றவற்றுக்கு நன்றாக இருக்கும். பழங்கள் சேர்ந்த சாலடை அது அமுக்கிவிடும். முழுக்க நல்லெண்ணெய் ஊற்றத் தயக்கமாக இருந்தால் கடலெண்ணெய் மூன்று கரண்டிக்கு நல்லெண்ணெய் ஒரு கரண்டி கலந்து பாருங்கள். எங்கள் வீட்டில் பெரும்பாலும் இந்தக் கலவைதான்.

பொள்ளாச்சிக்காரர்கள் தேங்காய் எண்ணெயை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அன்னாசி, மாங்காய், பப்பாளி இருக்கும் சாலடுக்கு அவர்கள் சொல்வது நியாயம்தான். ஒரே சிக்கல், தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழிக் காலையிலும் குளிர்ந்த காய்கறி மேலும் அது வெள்ளைத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். வெயில் காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரீஃபைண்ட் எண்ணெய்க்கு வாசனையும் இல்லை, சுவையும் இல்லை. வழவழப்பு மட்டும் போதும் என்றால் ஊற்றலாம். எந்த எண்ணெயானாலும் சிக்கு வாடை அடித்தால் சாலடுக்கு ஆகாது. எலுமிச்சை அதை மறைக்காது, எடுத்துக் காட்டும்.

எலுமிச்சை தவிர வேறு எந்தப் பழங்கள்?

சாத்துக்குடி, ஆரஞ்சு, நாரத்தை, பம்பளிமாஸ் எல்லாமே ஆகும். ஆனால் ஒன்றை எடுத்துவிட்டு அதே அளவு இன்னொன்றை ஊற்ற முடியாது. எலுமிச்சைச் சாற்றில் சிட்ரிக் அமிலம் ஏறத்தாழ 5 முதல் 6 சதவீதம். சாத்துக்குடியில் அது ஒரு சதவீதத்தைக்கூடத் தொடுவதில்லை. சாத்துக்குடிச் சாற்றை மட்டும் எண்ணெயில் கலந்தால் மந்தமான இனிப்பு நீராக இருக்கும். சாத்துக்குடி 3 கரண்டி என்றால் எலுமிச்சை 1 கரண்டியாவது சேர வேண்டும். அப்போது சர்க்கரையை விட்டுவிடலாம்.

ஏற்காடு, கொல்லிமலை ஆரஞ்சு கிடைக்கும் காலத்தில் அதை விடாதீர்கள். தோல் தளர்ந்து, கையால் உரித்தாலே வந்துவிடும் அந்தப் பழத்தில் மணம் அதிகம், புளிப்பும் ஓரளவு உண்டு. அரை டம்ளர் சாற்றைச் சிறு தீயில் பாதியாகச் சுண்ட வைத்து ஆற வையுங்கள். சுவை திரண்டு வரும். அதில் எலுமிச்சை ஒரு கரண்டி, கடலெண்ணெய் மூன்று கரண்டி, உப்பு, மிளகு. பீட்ரூட்டை வேகவைத்துத் துண்டாக்கி இதை ஊற்றினால், பீட்ரூட் என்றாலே முகம் சுளிப்பவர்களும் சாப்பிடுவார்கள். எலுமிச்சையைச் சுண்ட வைக்காதீர்கள். வாசனை போய் வெறும் புளிப்பு மிஞ்சும்.

நாரத்தையை நாம் ஊறுகாய்க்கு மட்டுமே நினைக்கிறோம். பழுத்த நாரத்தையின் சாறு எலுமிச்சையைவிட மணமானது, லேசாகக் கசக்கும். அந்தக் கசப்புக்குச் சர்க்கரையை ஒரு சிட்டிகை கூட்டுங்கள். முளைகட்டிய கொள்ளுக்கு இதைவிடப் பொருத்தமான சாறு எனக்குத் தெரியவில்லை. கடாரங்காயை விட்டுவிடுங்கள், அது உப்பில் ஊறப் பிறந்தது.

பம்பளிமாஸைச் சாறாகப் பிழிவதைவிடச் சுளையை உதிர்த்துச் சாலடிலேயே போடுவது நல்லது. ஒரு எச்சரிக்கை: கிரேப்ஃபுரூட்டைப் போலவே பம்பளிமாஸும் சில கொழுப்புக் குறைப்பு மாத்திரைகள், சில இரத்த அழுத்த மாத்திரைகள் உடலில் சிதைவதைத் தடுத்து, அவற்றின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும். தினமும் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

செய்தவுடன் நன்றாக இருந்தது, ஒரு மணி நேரத்தில் கசக்கிறது. ஏன்?

சாத்துக்குடி அல்லது ஆரஞ்சாக இருந்தால் அது பழத்தின் இயல்பு. அவற்றில் கசப்பில்லாத ஒரு பொருள் இருக்கிறது. பிழிந்த பின் அமிலத்தோடு சேர்ந்து அது மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. ஜூஸ் கடையில் சாத்துக்குடியைப் பிழிந்த கையோடு குடிக்கச் சொல்வது இதனால்தான். விதை நசுங்கினாலும், தோலுக்கு உள்ளே இருக்கும் வெள்ளைச் சதை சேர்ந்தாலும் கசப்பு விரைவாக ஏறும். மிக்ஸியில் விதையோடு அடிக்காதீர்கள். கையால் பிழிந்து வடிகட்டி, அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

எலுமிச்சை கசந்தால் பெரும்பாலும் காரணம் கைதான். கடைசிச் சொட்டு வரை முறுக்கிப் பிழிவது சர்பத்துக்குச் சரி, இதற்கு வேண்டாம். மெல்லிய தோலும் கையில் கனமும் உள்ள மஞ்சள் பழமாகப் பார்த்து எடுத்து, தரையில் வைத்து உள்ளங்கையால் உருட்டிவிட்டு அறுத்தால் முறுக்காமலே சாறு இறங்கும்.

தோலைத் துருவிச் சேர்க்கலாமா?

தாராளமாக. எலுமிச்சையின் மணம் சாற்றில் இருப்பதைவிடத் தோலில்தான் அதிகம். தோலில் புள்ளி புள்ளியாகத் தெரியும் பைகளுக்குள் எண்ணெய் இருக்கிறது. பழத்தைக் கழுவித் துடைத்து, துருவியின் நுண்ணிய பக்கத்தில் மஞ்சளை மட்டும் இரண்டு இழுப்பு இழுங்கள். வெள்ளை தெரிந்ததும் பழத்தைத் திருப்பிவிட வேண்டும். அறுப்பதற்கு முன்பே துருவிக்கொள்ளுங்கள், பிழிந்த மூடியைத் துருவுவது பெரும்பாடு.

எண்ணெயும் சாறும் பிரிந்து நிற்கிறதே?

பிரியத்தான் செய்யும். குலுக்கினால் எண்ணெய் சிறு சிறு துளிகளாக உடைந்து சாற்றில் மிதக்கும். விட்டுவிட்டால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து மேலே வந்துவிடும். ஊற்றும் முன்பு மறுபடி குலுக்கினால் போதும் என்பவர்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

பிரியாமல் நிற்க வேண்டுமென்றால் துளிகளுக்கு இடையே நின்று பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். மயோனைஸில் அந்த வேலையை முட்டையின் மஞ்சள் கரு செய்கிறது. நம் அஞ்சறைப் பெட்டியில் கடுகு இருக்கிறது. அதன் தோலில் உள்ள பசைத்தன்மை எண்ணெய்த் துளிகளைப் பிரித்து வைக்கும். அரைத் தேக்கரண்டி கடுகைப் பொடித்து, பச்சைத் தண்ணீர் ஒரு கரண்டி விட்டுக் குழைத்துப் பத்து நிமிடம் வையுங்கள். மூக்கில் ஏறும் அந்தக் காரம் தண்ணீர் பட்ட பிறகுதான் உண்டாகிறது. எலுமிச்சைச் சாற்றை முதலிலேயே ஊற்றிவிட்டால் காரம் முழுதாக எழாது. சுடுதண்ணீர் ஊற்றினால் வரவே வராது.

பத்து நிமிடம் கழித்து உப்பும் சர்க்கரையும் கரைந்த சாற்றை அதில் ஊற்றிக் கலக்குங்கள். பிறகு எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே முள்கரண்டியால் அடியுங்கள். முதல் கரண்டி எண்ணெய் உள்ளே போகும்போதே கலவை பளபளப்பு குறைந்து, வெளிறிய மஞ்சளாகத் திரும்பி, கரண்டியை மெல்லப் பிடித்து இழுக்கும். அந்த இழுப்பு தெரிந்த பிறகு மிச்ச எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாக விடலாம். முதலிலேயே மொத்தமாக ஊற்றிவிட்டால் எவ்வளவு அடித்தாலும் சேராது.

கொங்கு நாட்டுக் கைப்பக்குவத்தில் ஒன்று சொல்லுங்களேன்?

கடலைக்காய் டிரெஸ்ஸிங். வறுத்துத் தோல் நீக்கிய கடலைக்காய் 3 மேசைக்கரண்டி, பச்சை மிளகாய் ஒன்று, உப்பு அரைத் தேக்கரண்டி, கொத்தமல்லித் தழை ஒரு பிடி. அம்மியில் வைத்து, எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டியைத் தெளித்துத் தெளித்து அரையுங்கள். முதலில் ரவை ரவையாக இருக்கும். அரைக்க அரைக்கக் கடலைக்காயிலிருந்தே எண்ணெய் கசிந்து விழுது குழவியில் ஒட்டிக்கொள்ளும். அப்போது வழித்து எடுத்து, தண்ணீர் 3 கரண்டி, கடலெண்ணெய் 1 கரண்டி விட்டுக் கரைத்தால் மோர்க்குழம்புப் பதத்துக்கு வரும். இது பிரியாது, எண்ணெயும் குறைவு.

என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) இதையே இன்னும் கெட்டியாக அரைத்து, துவையல் என்று களிக்குத் தொட்டுக்கொள்ள வைப்பார். "சாலடுக்கு ஊற்றப் போகிறேன் அம்மிச்சி" என்றபோது, "தண்ணீரை ஊற்றிக் கெடுக்காதே, கண்ணு" என்றார். எனக்கு இன்றும் இரண்டும் பிடிக்கும்.

இதே முறையில் வறுத்த எள்ளையும் அரைக்கலாம். கசக்கக்கூடும் என்பதால் பாதி அளவு போதும். விருந்தாளிகளுக்கு வைக்கும்போது கடலைக்காய் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒரு துளியும் ஆகாது.

மஞ்சள் தூள் சேர்க்கலாமா?

2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சள் வீட்டில் இருக்கும்போது கை போகத்தான் செய்யும். பச்சையாகப் போட்டால் மண் வாடை அடிக்கும். ஒரு கரண்டி எண்ணெயை மிதமாகச் சூடாக்கி, அதில் ஒரு சிட்டிகை மட்டும் போட்டு உடனே இறக்கி ஆற வைத்துச் சேருங்கள். நிறத்துக்கு நல்லது, சுவைக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது.

எண்ணெயே வேண்டாம் என்று பார்க்கிறேன். வெறும் எலுமிச்சையும் உப்பும் போதாதா?

வெள்ளரிக்கும் வெங்காயத்துக்கும் போதும். கேரட், கீரை, தக்காளி என்று வரும்போது கொஞ்சம் எண்ணெய் இருப்பது நல்லது. கேரட்டின் பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது. கூடவே கொழுப்பு இருந்தால்தான் உடல் அதை நன்றாக எடுத்துக்கொள்ளும். ஆளுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெயில் யாரும் குண்டாகிவிட மாட்டார்கள். அதுவும் ஆகாது என்றால் புளிக்காத கெட்டித் தயிரைக் கடைந்து, எலுமிச்சை அரைக் கரண்டி, வறுத்துப் பொடித்த சீரகம் சேர்த்து ஊற்றுங்கள்.

எந்தக் காய்கறிக்கு எது?

மேட்டுப்பாளையம் வழியாக இறங்கும் ஊட்டிக் காய்கறிகளுக்கு, அதாவது கேரட், முட்டைக்கோஸ், டர்னிப், லெட்யூஸ் ஆகியவற்றுக்கு, கடுகு சேர்த்த எலுமிச்சை டிரெஸ்ஸிங். முட்டைக்கோஸை நூலாக அரிந்து உப்பு பிசறி, கையால் ஒரு முறை அழுத்திவிட்டு ஊற்றினால்தான் உள்ளே இறங்கும்.

முளைகட்டிய பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கொள்ளு மூன்றையும் பச்சையாகப் போடாமல் ஐந்து நிமிடமாவது ஆவியில் வேகவைத்துவிடுங்கள். முளை வருகிற ஈரமும் சூடும் கிருமிகளுக்கும் தோதானவை. எலுமிச்சைச் சாறு அவற்றை ஒழித்துவிடும் என்று நம்ப வேண்டாம். சூடு இருக்கும்போதே ஊற்றினால் பயறு சாற்றை நன்றாக இழுத்துக்கொள்ளும்.

அரிசிம்பருப்புச் சோற்றுக்கு வெள்ளரியும் சின்ன வெங்காயமும், நல்லெண்ணெய்க் கலவையும். பள்ளிபாளையம் சிக்கன் வைக்கும் நாளில் எண்ணெயே வேண்டாம். வெங்காயத்தை மெலிதாக அரிந்து, உப்பும் எலுமிச்சையும் பிசறிக் கால் மணி நேரம் வையுங்கள். புளிப்பு பட்டதும் வெங்காயத்தின் ஊதா நிறம் இளஞ்சிவப்பாகும், காட்டம் தணியும்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

வெறும் எலுமிச்சை, எண்ணெய், உப்பு, கடுகு மட்டும் என்றால் கண்ணாடிப் பாட்டிலில் ஃபிரிட்ஜில் நான்கைந்து நாள். கடலைக்காய், தழை, தயிர் சேர்ந்தவை மறுநாளோடு சரி. ஃபிரிட்ஜில் கடலெண்ணெய் கலங்கிப் பாகு போலத் தடிக்கும். கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிடாதீர்கள், வெளியே எடுத்து வைத்தால் தெளிந்துவிடும்.

பூண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு வெளியே வைத்திருப்பது ஆபத்து. காற்றுப் புகாத, புளிப்பில்லாத அந்த எண்ணெய்க்குள் பொட்டுலிசம் என்ற கொடிய நோய்க்குக் காரணமான நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும். வாடையோ நிற மாற்றமோ தெரியாது. பூண்டு வேண்டுமென்றால் அன்றைக்குத் தட்டிப் போட்டு அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

எந்தப் பாத்திரத்தில் கலக்குவது?

கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர். அலுமினியம், பித்தளை, செம்பு வேண்டாம். புளிப்பு பட்டால் உலோகம் கரைந்து வாடை ஏறும்.

கோடையில் எலுமிச்சை விலை எகிறும்போது என்ன செய்வது?

மழைக்காலத்தில் மலிவாகக் கிடைக்கும்போது பிழிந்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, கட்டிகளைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வாசனை கொஞ்சம் குறையும், புளிப்பு குறையாது. இல்லையென்றால் கோடைக்கென்றே வருகிற மாங்காய் இருக்கிறது: புளிப்பு மாங்காயைத் துருவிப் பிழிந்தால் சாறு வரும், எலுமிச்சையைவிட ஒன்றரை மடங்கு ஊற்ற வேண்டியிருக்கும். வினிகரும் ஆகும், மூக்கில் ஏறும் நெடி பிடிக்காதவர்கள் பாதி வினிகர், பாதி சாத்துக்குடி என்று கலக்கலாம். பாட்டிலில் வரும் எலுமிச்சைச் சாறு எனக்குப் பிடிக்காது. புளிப்பு இருக்கும், பழத்தின் மணம் இருக்காது.

குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், காரத்தைக் குறைத்து. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் சேர்த்த எதையும் கொடுக்கக் கூடாது.

எப்போது ஊற்றுவது? ஆபீசுக்கு எடுத்துப் போக முடியுமா?

இலை வகைகளுக்குச் சாப்பிட உட்காரும்போதுதான். உப்பும் புளிப்பும் பட்டால் பத்து நிமிடத்தில் துவண்டுவிடும். முட்டைக்கோஸ், பீட்ரூட், பயறு ஆகியவற்றுக்கு அரை மணி நேரம் முன்பே ஊற்றலாம், ஊறினால் சுவை கூடும். வெள்ளரிக்காயை அரிந்து உப்புத் தூவிப் பத்து நிமிடம் வடிய விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஊற்றுங்கள். டிரெஸ்ஸிங்கில் உப்பைப் பாதியாக்குங்கள்.

திருப்பூர் கம்பெனிகளுக்குக் காலை ஏழரைக்கெல்லாம் கிளம்புகிறவர்கள் காய்கறியைத் தனி டப்பாவிலும் டிரெஸ்ஸிங்கை ரப்பர் வளையம் உள்ள சிறு பாட்டிலிலும் எடுத்துப் போங்கள். பாட்டிலில் முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள், குலுக்க இடம் வேண்டும். மதியம் டப்பாவைத் திறந்து, பாட்டிலைக் குலுக்கி ஊற்றி, மூடியைப் போட்டு டப்பாவையும் ஒரு முறை குலுக்கினால் கரண்டிகூடத் தேவையில்லை. ஏப்ரல், மே மாதங்களில் தயிர் சேர்த்ததையும் கடலைக்காய் அரைத்ததையும் எடுத்துப் போகாதீர்கள். எலுமிச்சையும் எண்ணெயும் மட்டும் கலந்தது மதியம் வரை தாங்கும்.